எங்க பொண்ண எங்க பாத்தீக?

எனக்குத்தான் தம்பி. பேத்திக்கு இல்ல, எனக்கு. ஏன் அப்படிப் பாக்கீக? காலேஜுல எனக்குச் சீட்டு குடுத்தாக, நான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். போன மாசந்தான். நம்ப முடியலன்னா எம் மகன் சங்கரு உள்ள இருக்கான், கேட்டுப் பாருங்க. இல்ல, அவனக் கேக்க வேண்டாம். அந்தப் பேச்ச எடுத்தாலே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிடுவான்.

சாஞ்சு உக்காருங்க. அந்த நாற்காலி ஒரு காலு ஆடும், விழுகாது, பயப்படாதீங்க. கழுத்துல கட்டியிருக்கிற டையை வேணா கொஞ்சம் தளத்திக்கோங்க. இந்த வெயில்ல எதுக்கு அத இறுக்கிக்கிட்டு? காப்பி அடுப்புல இருக்கு. வந்துரும்.

நீங்க கொண்டாந்த காயிதத்த இன்னொரு தடவ வாசிக்க வேண்டாம் தம்பி. 'தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவி. முன்னுரிமை விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.' எனக்கு மனப்பாடம். அது வேற காலேஜு, நீங்க வேற காலேஜு, ஆனா வாசகம் ஒண்ணுதான். கல்யாணப் பத்திரிகைய எந்த அச்சாபீஸ்ல அடிச்சாலும் ஒரே மாதிரிதான ஆரம்பிக்காக, அந்த மாதிரி.

பத்திரிகைன்னதும் ஞாபகம் வருது, நான் யாருன்னே உங்களுக்குச் சொல்லல. இந்த சங்கரன்கோவில்ல பூ மார்க்கெட்டுல நின்னு ஆவுடையம்மான்னு கேட்டுப் பாருங்க. இந்தப் பக்கம் பாதி வீட்டுக் கல்யாணம் நான் பேசி முடிச்சது. மீதிப் பாதி தானா முடிஞ்சது, சண்டையெல்லாம் அந்த வீடுகள்லதான் நடக்கும். தரகுன்னு சொல்வாக. சொல்லட்டும். நான் போய் உக்காந்தா பொண்ணு வீட்டுல ஒரு டம்ளர் காப்பி வரும் பாருங்க, அத வச்சே சொல்லிருவேன். பொண்ணு கையால காப்பி வந்துச்சுன்னா பேச்சு முன்னால போகும். அப்பனோ அண்ணனோ கொண்டாந்து குடுத்தான்னா, குடிச்சுட்டுக் கெளம்ப வேண்டியதுதான். யாரும் வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல வேண்டாம், யாரு மனசும் நோகாது. எம்புட்டு அழகான ஏற்பாடு! உங்க காலேஜுகள்ல இது கிடையாது. வேண்டாம்னு சொன்னப் பெறகுதான் போன் மேல போனாப் போடுதீக.

சரி, விசயத்துக்கு வாரேன்.

போன மாசம் ஒரு மத்தியானம் தபால்காரரு கையெழுத்து வாங்கிட்டு ஒரு கவர் குடுத்தாரு. கெட்டிக் காயிதம். ஓரத்துல தங்கக் கலர்ல கொடி ஓடுது. மேல 'செல்வி சுபிக்ஷா'ன்னு எம் பேத்தி பேரு. செல்வின்னு போட்டு தங்கக் கொடியோட ஒரு கவர் வந்தா எனக்கு வேற நெனப்பு வருமா தம்பி? தூக்கிக்கிட்டு எதுத்த வீட்டு கனகவல்லி டீச்சர்கிட்ட ஓடுனேன். எனக்கு வாசிக்கத் தெரியும். அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவ நான், கணக்குல எப்பவும் நாந்தான் முதல். கண்ணாடிதான் ரிப்பேரு.

டீச்சர் வாசிச்சாக. 'உங்கள் மகளின் திறமையை அறிந்து மகிழ்ந்தோம். எங்கள் கல்லூரிக் குடும்பத்தில் இணைய அன்புடன் அழைக்கிறோம்.'

கேட்டீகளா? திறமைய அறிஞ்சாகளாம். குடும்பத்துல சேரக் கூப்புடுதாகளாம். கட்டணமும் வேண்டாமாம். இதுக்கு என்ன அர்த்தம்? பொண்ணு கேட்டு வந்திருக்காக! பொண்ணு கல்யாணத்துக்கு இல்ல, படிப்புக்கு. மொறை ஒண்ணுதான. நாம தேடிப் போற எடத்துல கை கட்டி நிக்கணும். தேடி வர்ற எடத்துல காலு மேல காலு போட்டு உக்காரலாம். அதுவும் ஒத்த ரூவா வேண்டாம்னு தேடி வர்ற எடம்! நான் பேசி முடிச்ச அம்புட்டுக் கல்யாணத்துலயும் அப்படி ஒண்ணு எனக்கு வாய்க்கல.

கவருக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால வச்சேன். கேசரி கிண்டித் தெருவுக்கே குடுத்தேன். டீச்சர் மட்டும் கேசரியத் தின்னுட்டு, 'அக்கா, எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோங்க'ன்னாக. அவுக மகனுக்கு அந்த மாதிரிக் கவர் வரல பாருங்க, அந்த வயித்தெரிச்சல். மகன் படிச்சு முடிச்சு வேலைக்குப் போய் ரெண்டு வருசமாச்சு, அது வேற விசயம்.

சுபிக்ஷா பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா. பன்னெண்டாவது முடிச்சுட்டா, ஏதோ சர்டிபிகேட்டு வாங்கப் போயிருந்தா. கவரப் பாத்துச் சிரிக்கா. 'ஆச்சி, இது எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் வந்திருக்கு'ங்கா.

'உனக்கு வந்தது தங்கக் கலர்ட்டி'ன்னேன்.

'எல்லாருக்கும் தங்கக் கலர்தான் ஆச்சி. விண்ணப்பத்துக்குத்தான் காசு இல்ல, படிக்கிறதுக்கு இல்லன்னு எங்கயும் போடல. முன்னுரிமைன்னா சீட்டு குடுத்துட்டாகன்னு அர்த்தமில்ல, நம்ம காயிதத்த முன்னால எடுத்துப் பாப்பாக, அம்புட்டுதான். எனக்கு வேண்டாம் ஆச்சி.'

நான் கண்டுக்கிடல. எந்தப் பொண்ணு தம்பி மொதத் தடவையே சரின்னு சொல்லும்? 'எனக்கு இப்ப வேண்டாம்'னுதான் எல்லாப் பொண்ணும் சொல்லும். வாசுதேவநல்லூர்ல ஒரு பொண்ணு வேண்டாம் வேண்டாம்னு தூணக் கட்டிப் புடிச்சு அழுதுச்சு, இன்னைக்கு அந்த மாப்பிள்ளைய அது படுத்துற பாட்டப் பாத்தா அவரு தூணக் கட்டிப் புடிச்சு அழணும். எங்க விட்டேன்?

ஆங், அவ ஆச. அவளுக்கு சர்க்கார் விவசாயக் காலேஜுல படிக்கணும். எங்க சங்கரு பூ மார்க்கெட்டுல கமிசன் கடையில இருக்கான். சாயங்காலம் மிச்சப் பூவக் கொண்டாருவான். நாங்க அதக் கட்டுவோம், இவ ஒவ்வொரு மொட்டாப் பிச்சு உள்ள என்ன புழு இருக்குன்னு பாப்பா. மல்லிகையில மொட்டுப்புழு விழுந்தா வெவசாயிக்கு எம்புட்டு நட்டம்னு சோறு திங்கும்போது சொல்லுவா. சோறு திங்கும்போது தம்பி! அதுக்கு கவுன்சிலிங்னு ஒண்ணு இருக்காம். மார்க்கு வரிசையில சர்க்காரே கூப்புடுமாம். தங்கக் கொடி போட்ட கவரெல்லாம் அனுப்ப மாட்டாகளாம். போன்லதான் வருமாம்.

அது இன்னைக்குத்தான் வருது. சாயங்காலத்துக்குள்ளன்னாக. உள்ள போனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அவ அப்பனும் பக்கத்துலயே உக்காந்திருக்கான். காலையில இருந்து ரெண்டு பேரும் சாப்பிடல. வந்துச்சுன்னா நல்லது. வரலன்னா... வரலன்னா நீங்க வந்திருக்கீகள்ல. அதான் தம்பி உக்காரச் சொல்லுதேன். எங்க எந்திரிக்கீக? காப்பி கொதிச்சுக்கிட்டு இருக்கு.

அந்தக் காலேஜுக் கதைய முடிச்சுருதேன். அவுக ஒரு தேதி குடுத்திருந்தாக. அந்தத் தேதிக்குள்ள மார்க் ஷீட்டு, டிசி எல்லாம் ஒரிஜினலாக் கொண்டாந்து குடுத்தாத்தான் முன்னுரிமையாம், தாண்டினாப் போச்சாம். அவசரப்படுத்துற மாப்பிள்ளைன்னா நான் பொதுவா உசாரு. ராயகிரிப் பக்கம் ஒருத்தன், வெள்ளிக்கிழமை பொண்ணு பாத்துட்டு ஞாயித்துக்கிழமையே தாலி கட்டணும்னான். ஏன் இம்புட்டு அவசரம்னு விசாரிச்சா, தென்காசியில ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி, திங்கக்கிழமை அவ பெறந்த வீட்டுல இருந்து திரும்பி வாரா! ஆனா இது காலேஜுல்லா? ஒரு காலேஜுக்கு ஏற்கெனவே எத்தன குடும்பம் இருக்குன்னு யாரு போயி விசாரிப்பா?

சங்கருக்கு மனசுல பயம். 'சர்க்கார் லிஸ்ட்டு வருமோ வராதோ, இதையும் விட்டுட்டா புள்ள ஒரு வருசம் வீட்டுல உக்காரணுமே'ன்னான். நாந்தான், 'மரியாதையாக் கூப்புட்டிருக்காக, போகாம இருந்தா நல்லாருக்காது'ன்னேன். கெளம்பிட்டோம். ஒரு தாம்பாளத்துல வெத்தல, பாக்கு, பழம், நம்ம மார்க்கெட்டு மல்லிகை ஒரு பந்து. சுபிக்ஷா தலையில அடிச்சுக்கிட்டா. சர்டிபிகேட்டப் பையில எடுத்து வைக்கச் சொன்னேன், பேசாம எடுத்து வச்சா.

கேட்டுல வாட்ச்மேன், 'தட்டு எதுக்கும்மா?'ங்கான். 'தேடி வந்தவுகளுக்குப் பதில் மரியாதை'ன்னேன். அவன் என்ன நெனச்சானோ, நேரா கேன்டீனுக்கு வழி காட்டினான்.

அப்புறம் ஒரு ஹால். உள்ள நொழஞ்சா, எங்க பாத்தாலும் அதே தங்கக் கொடி தம்பி! எல்லா அப்பன் கையிலயும், எல்லா ஆத்தா மடியிலயும் அதே கவர். கடையநல்லூர்ல இருந்து, புளியங்குடியில இருந்து, எங்கெங்கயோ இருந்து. ஒரே மாப்பிள்ளைக்கு ஜில்லாப் பொண்ணு அம்புட்டையும் ஒண்ணா மணையில உக்கார வச்ச மாதிரி. அப்பக்கூட நான் என்ன நெனச்சேன்? இம்புட்டு நல்ல பிள்ளைகளாத் தேடிப் புடிச்சிருக்காகளே, பெரிய எடந்தான்னு நெனச்சேன்.

எங்க முறை வந்துச்சு. மேசையில உங்கள மாதிரியே ஒரு தம்பி, டை கட்டி. 'ஒரிஜினலக் குடுங்க சார், இன்னைக்கே முன்னுரிமைய உறுதி பண்ணிரலாம்'ங்காரு. சங்கரு பையத் தூக்கி மேசையில வச்சுட்டான். நான் தட்ட ஒரு ஓரமா வச்சுட்டு, 'இருங்க, மொறையாப் பேசுவோம்'னு சொல்லிக் கேட்டேன். எந்த வீட்டுலயும் மொதல்ல கேக்குற கேள்விதான்.

'எங்க பொண்ண எங்க பாத்தீக?'

அந்தத் தம்பி முழிக்காரு. 'எந்தப் பொண்ணு பாட்டி?'

'இந்தா நிக்காளே, இவதான். திறமைய அறிஞ்சோம்னு எழுதியிருக்கீகளே, எங்க வச்சு அறிஞ்சீக? கோயில் திருவிழாவுலயா? பள்ளிக்கூட ஆண்டு விழாவுலயா? யாரு சொன்னாக உங்களுக்கு?'

'டேட்டா வந்துச்சு பாட்டி.'

'யாரு குடுத்தா?'

'மேல இருந்து வரும்.'

மேலன்னு நான் அண்ணாந்து பாக்கேன், காத்தாடி சுத்துது. பொண்ணப் பாத்தவுகளும் இல்ல, சொன்னவுகளும் இல்ல, அப்புறம் எப்படிக் கேட்டு வந்தாக? அப்பத்தான் சுபிக்ஷா எங் காதுல சொல்லுதா. 'ஆச்சி, கடைசிப் பரீட்சை அன்னைக்கு என்னக் கூப்புட வந்தீகள்ல? வாசல்ல பந்தல் போட்டு தொப்பி குடுத்தாகளே, பேரும் அட்ரஸும் நம்பரும் எழுதிக் குடுத்தமே. அதான் ஆச்சி, அவுக பாத்தது.'

ஆமா, தொப்பி குடுத்தாக. நல்ல தொப்பி. எனக்கும் ஒண்ணு குடுத்தாக. நானாக் கேக்கல தம்பி, கையில திணிச்சுட்டாக. வெயில் அப்படி அடிச்சுச்சு, ஒரு கெழவி நின்னா யாருக்கும் எரக்கம் வரத்தான செய்யும். ஆளுக்கு ஒரு பேரு எழுதினாத்தான் தொப்பின்னாக. பாவம் அவுகளும் கணக்கு காட்டணும்லன்னு எம் பேரையும் எழுதச் சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

அதுக்கென்னன்னு நான் நெனச்சு முடிக்கல, மைக்குல ஒரு பொண்ணு கூப்புடுது. 'முன்னுரிமை மாணவி ஆவுடையம்மாள்! செல்வி ஆவுடையம்மாள் மேடைக்கு வரவும்!'

செல்வி தம்பி! எனக்கு!

சங்கரு சேலையப் புடிச்சு இழுக்கான், 'அம்மா, பேசாம உக்காரும்மா'ன்னு. பேரச் சொல்லிக் கூப்புட்டப் பெறகு போகாம இருந்தா மரியாதையா? போனேன். அந்தப் பொண்ணு கையில ரோஜாப்பூவோட நிக்கி. 'உங்க பேத்தி எங்க பாட்டி?'ங்கு. 'நாந்தாம்மா ஆவுடையம்மா'ன்னேன். அது காயிதத்தப் பாக்கு, என்னப் பாக்கு, காயிதத்தப் பாக்கு. ஹாலே சிரிக்கி. நானும் சிரிச்சேன். ஆனா பூவ வாங்கிக்கிட்டேன். மைக்கு அது கையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதையும் வாங்கிக்கிட்டேன்.

வாங்கி, எம் மகனப் பாத்துச் சொன்னேன். 'எலேய் சங்கரு, பைய எடுடா! பேத்தியையும் கேக்காக, பாட்டியையும் கேக்காக. இந்த மாதிரி வீட்டுக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானா?'

சிரிக்கீக. அன்னைக்கும் அப்படித்தான், மொதல்ல சிரிச்சாக. அப்புறம் அங்கொண்ணும் இங்கொண்ணுமா மேசையில வச்ச பைய ரெண்டு மூணு பேரு எடுத்தாக. ஒரு அம்மா கீழ எறங்கி வந்த எங்கிட்ட, 'நீங்க நெசமாவே சேரலயா?'ன்னு கேட்டாக. பாவம், அவுக ரொம்பத் தொலைவுல இருந்து வந்தவுக.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் தகுதி இருக்கப் போயித்தான கூப்புட்டாக? கணக்குல நான் முதல்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு. அத நான் இல்லன்னு சொல்லல.

வீட்டுக்கு வந்து பையத் தொறந்தா ஒரு கூத்து. உள்ள ஒரிஜினலே இல்ல! எல்லாம் ஜெராக்ஸு. ஒரிஜினல் பூராவும் அவ பாடப் புஸ்தகத்துக்கு அடியில பத்திரமா இருக்கு. எடுத்து வைக்க மறந்துட்டா போல. எம்புட்டுக் கவனக்குறைவு பாருங்க! சங்கரு மேசையில வச்சதெல்லாம் வெறும் நகலு. ஜாதகம்னா நகலத்தான் வெளிய குடுக்கணும், அசல் வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு சின்னப் பிள்ளையில இருந்து எம் பக்கத்துல உக்காந்து கேட்டு வளந்தவ. ஆனா இது ஜாதகமா? மார்க் ஷீட்டு. அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியல. நல்லவேள, நான் மேடை ஏறிக் காப்பாத்தினேன். கேட்டா, 'ஆமா ஆச்சி, நீங்கதான் காப்பாத்தினீக'ங்கா. அவ்வளவு பணிவு.

உங்களுக்குப் போன் வருது பாருங்க. எடுங்க. மேனேஜரா? 'இன்னும் இங்கதான் சார் இருக்கேன்'னு சொல்லுங்க. உண்மையத்தான சொல்லுதீக.

ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு பிள்ளையச் சேத்துவிட்டா உங்களுக்குத் தலைக்கு இம்புட்டுன்னு குடுப்பாகளா? அட, வெக்கப்படாதீங்க தம்பி, எனக்கும் அப்படித்தான். நாம ரெண்டு பேரும் ஒரே தொழிலு. ஆனா நீங்க நேர்ல வந்தீக பாருங்க, கவர் அனுப்பின அவுகளுக்கு அது மேல. வாசல்ல செருப்பக் கழட்டினீக, தண்ணி குடுத்ததும் மிச்சம் வைக்காமக் குடிச்சீக. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலயா? சொல்லவே இல்லயே! கழுகுமலையில ஒரு பொண்ணு இருக்கு, நர்சு. உங்க ஒசரத்துக்குச் சரியா இருக்கும். உங்க காயிதத்துக்குப் பின்னால நட்சத்திரத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஜெராக்ஸு போதும், ஒரிஜினல் வேண்டாம்.

சரி, உங்க விசயத்துக்கு வாரேன். எங்க பொண்ண எங்க பாத்தீகன்னு உங்ககிட்டயும் கேக்கணும்ல? சொல்லுங்க. தொப்பியா? வாட்டர் பாட்டிலா? பேனாவா? ஓ, அந்த நீலப் பேனா நீங்கதானா! நல்லா எழுதுது தம்பி. பால் கணக்கெல்லாம் அதுலதான்...

என்னது சத்தம்?

ஏட்டி சுபிக்ஷா! என்னட்டி? ஏன் அப்பனும் மகளும் ஒண்ணாக் கத்துதீக? தம்பி, ஒரு நிமிசம். ஏட்டி, அழுதுக்கிட்டே சிரிச்சா நான் எதுன்னு எடுத்துக்க? வந்துருச்சா? நம்ம பேரா? நல்லாப் பாத்தியா? விவசாயந்தான போட்டிருக்கு? சர்க்கார் காலேஜுதான? அப்பாகிட்டக் குடு, அவனும் வாசிக்கட்டும். அவனும் அழுதானா! சரி, சரி, கண்ணத் தொடைங்க ரெண்டு பேரும். வீட்டுக்கு ஆளு வந்திருக்காக.

உக்காருங்க தம்பி, எதுக்கு எந்திரிக்கீக? எங்க வீட்டுக்கு வந்தவுக வெறும் வயித்தோட போனதில்ல. கோவம் ஒண்ணும் இல்லயே? இதுல யாரு மேலயும் தப்பில்ல. நீங்க நல்ல எடம், எங்களுக்குத்தான் குடுப்பின இல்லன்னு வச்சுக்கோங்க. நட்சத்திரம் மட்டும் மறக்காம எழுதிருங்க.

ஏட்டி சுபிக்ஷா, எங்கட்டி எந்திரிக்க? நீ அந்த டம்ளரத் தொடாத! அப்படியே வை. வச்சுட்டு அந்தால போ.

எலேய் சங்கரு! காப்பிய நீ கொண்டாடா.